தண்ணீரை உள்ளே விடும் வளையம்

ஸ்கூபா முக்குளிப்பவர்கள் கட்டும் கைக்கடிகாரத்தில், கண்ணாடியைச் சுற்றி ஒரு வளையம் சுழலும். அதற்கு பெசல் என்று பெயர். இறங்கும்போது வளையத்தின் முக்கோணக் குறியை நிமிட முள்ளுக்கு நேரே திருப்பி வைக்க வேண்டும். பிறகு முள் வளையத்தில் எந்த எண்ணைத் தொடுகிறதோ, நீருக்குள் போய் அத்தனை நிமிடம் ஆகிவிட்டது என்று பொருள்.

1953-ல் வந்த பிளாங்பான் ‘ஃபிஃப்டி ஃபேதம்ஸ்’ கடிகாரத்தில் இந்த வளையம் தற்செயலாகச் சுழலாதபடி பூட்டும் ஏற்பாடு இருந்தது. அந்த நிறுவனத்தை நடத்திய ஜான்-ஜாக் ஃபீஷ்டரே முக்குளிப்பவர்தான். பின்னாளில், இடஞ்சுழியாக மட்டும் திரும்பும் வளையம் பரவலானது. அதில் உள்ள முன்யோசனை அருமையானது. வளையம் பாறையில் இடித்து நகர்ந்தாலும் கழிந்த நேரம் கூடுதலாகத்தான் தெரியும். முக்குளிப்பவர் சற்று முன்னதாக மேலே வந்துவிடுவார், அவ்வளவுதான். குறைவாகக் காட்டியிருந்தால் சிலிண்டரில் காற்று தீர்ந்துபோகலாம். உடம்பில் நைட்ரஜன் அளவுக்கு மீறிச் சேரலாம்.

சரி, ஈரத்தில் அது எப்படித் திரும்புகிறது? விரலுக்கும் வழுவழுப்பான உலோகத்துக்கும் நடுவே நீர்ப்படலம் புகுந்தால் உராய்வு குறைந்து கை வழுக்கும். அதனால்தான் வளையத்தின் ஓரத்தில் நாணய விளிம்பு போல வரிவரியாக வெட்டியிருக்கிறார்கள். விரல் சதை அந்த வெட்டுகளுக்குள் இறங்கி மேடுகளைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. உராய்வை மட்டும் நம்ப வேண்டியதில்லை. தடித்த நியோப்ரீன் கையுறைக்கு நுண்ணிய வரி போதாது. ஆழமான வெட்டு வேண்டும்.

ஆனால் என்னை வியக்க வைப்பது வேறொன்று. கடிகாரக் கூட்டை அடைப்பதுபோல் இந்த வளையத்தின் அடிப்பகுதியைப் பொதுவாக நீர் புகாமல் அடைப்பதில்லை. தண்ணீர் தாராளமாக உள்ளே போகும். ஒருவேளை அடைத்துக் காற்றைச் சிறைவைத்திருந்தால்? 30 மீட்டர் ஆழத்தில் நீரின் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 3 கிலோ. வெளிவிட்டம் 40, உள்விட்டம் 30 மில்லிமீட்டர் கொண்ட வளையத்தின் பரப்பு ஏறக்குறைய 5.5 சதுர சென்டிமீட்டர். கணக்குப் போட்டால் 16 கிலோவுக்கு மேல் எடை அதை அழுத்தும். விரலால் திருப்ப முடியுமா? நீர் அடியிலும் புகுவதால் மேலும் கீழும் அழுத்தம் சமமாகிறது. கரையில் எவ்வளவு எளிதாகத் திரும்பியதோ, ஆழத்திலும் கிட்டத்தட்ட அப்படியே திரும்பும். அடியில் இருக்கும் சின்ன ஸ்பிரிங் பற்களில் விழுந்து எழும் ‘கிளிக்’கை விரல்நுனி உணரும். 120 பற்கள் இருந்தால் ஒரு கிளிக்குக்கு அரை நிமிடம்.

தண்ணீரோடு உப்பும் மணலும் வருவதுதான் இதற்குக் கொடுக்கும் விலை. நீர் உலர்ந்ததும் உப்பு படிகமாகி ஸ்பிரிங்கைப் பிடித்துக்கொள்ளும். வளையம் கடலுக்குள் மக்கர் செய்வதைவிட, அலமாரியில் காய்ந்து கிடந்தபின் இறுகிப்போவதற்கே வாய்ப்பு அதிகம். கரையேறியதும், கடிகாரத்தின் திருகு இறுகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு நல்ல தண்ணீரில் ஊறவிட வேண்டும். ஊறும்போதே வளையத்தை இரண்டு மூன்று சுற்று திருப்பினால் இடுக்கில் இருக்கும் உப்பு கரைந்து வெளியேறும்.