ஓட்டுப் போட்டதோடு கடமை தீர்ந்ததா?

கே.கே. நகரின் பி.டி. ராஜன் சாலை, 1936-ல் சில மாத காலம் சென்னை மாகாணத்தின் முதல் மந்திரியாயிருந்தவர் பெயரைத் தாங்கியது. அங்குள்ள ஆர்.கே. சண்முகம் சாலையோ, சுதந்திர இந்தியாவின் முதல் வரவு செலவுத் திட்டத்தை 1947 நவம்பரில் சமர்ப்பித்த நிதி மந்திரியின் பெயரைத் தாங்கியது. சட்டசபை கண்ட பெரியோர் பெயரைத் தெருவுக்குச் சூட்டிக்கொண்ட இந்நகரில், தம் சட்டசபைப் பிரதிநிதிக்கு ஒரு கடிதமேனும் எழுதியவர் எத்தனை பேர்?

2015 டிசம்பரிலும் 2021 நவம்பரிலும் இந்நகரின் தெருக்களில் மழைநீர் தேங்கி நின்றது. திண்ணையில் அமர்ந்து சர்க்காரை வைதவர் பலர். வெள்ளம் வடிந்தது, வசையும் அதனுடன் வடிந்தது. ஐந்தாண்டுக்கு ஒரு முறை மையிட்ட விரலைக் காட்டுவதோடு பிரஜையின் கடமை தீர்ந்தது என்று நாம் எண்ணுகிறோம். இந்த எண்ணமே நமது முதற் சத்துரு.

ஓட்டே இல்லாத காலத்தில் நம் முன்னோர் செய்ததைக் கேளுங்கள். 1852-ல் சென்னையில் கஜுலு லட்சுமிநரசு செட்டியார் முதலியோர் சுதேச சங்கம் ஒன்றை நிறுவினர். கம்பெனியாரின் சாசனம் புதுப்பிக்கப்படும் தருணம் பார்த்து, லண்டன் பார்லிமெண்டுக்கு மகஜர் அனுப்பினர். நிலவரி வசூலிக்கக் குடியானவர்களைச் சித்திரவதை செய்யும் கொடுமையை அதில் எடுத்துரைத்தனர். அத்துடன் அவர்கள் ஓய்ந்தார்களா? இல்லை. 1853-ல் பார்லிமெண்டு அங்கத்தினர் டான்பி சீமோர் சென்னைக்கு வந்தபோது, செட்டியார் அவரைக் கிராமங்களுக்கு அழைத்துச் சென்று, குடியானவர் நிலையை நேரிற் காட்டினார். 1854-ல் சீமோர் காமன்ஸ் சபையில் அதை எழுப்பினார். விசாரணைக் கமிஷன் அமைந்தது. 1855-ல் வெளியான அதன் அறிக்கை சித்திரவதை நடந்தது மெய்யே என்று ஒப்புக்கொண்டது. குற்றத்தின் பெரும்பாகத்தை உள்நாட்டுச் சிப்பந்திகள் தலையில் அது சுமத்தியது உண்மைதான். எனினும், ‘அப்படி ஒன்றுமில்லை’ என்று இனி எவரும் சொல்ல வழியில்லாமற் போயிற்று.

இதில் நாம் கற்க வேண்டியவை மூன்று. அவர்கள் தக்க தருணத்தில் பேசினர்; திட்டமான குறையைச் சொன்னர்; பிரதிநிதியின் கண்ணைக் குறை இருக்கும் இடத்திற்கே கொண்டுபோயினர்.

இன்று நமக்கு ஓட்டும் உண்டு, பிரதிநிதிகளும் உண்டு. முதலில், யாரிடம் எதைக் கேட்பது என்பது தெரிய வேண்டும். தெரு விளக்கும் குப்பையும் மழைநீர்க் கால்வாயும் மாநகராட்சியின் பொறுப்பு. அவற்றுக்கு, 200 வார்டுகளில் உங்கள் வார்டுக்குரிய கவுன்சிலரை நாடுக. குடிநீரும் கழிவுநீரும் மாநில சர்க்காரின் கீழுள்ள குடிநீர் வாரியத்தைச் சேர்ந்தவை. விருகம்பாக்கம் தொகுதியின் சட்டசபை அங்கத்தினர் அவற்றைச் சபையில் கேட்கலாம். இந்நகரிலுள்ள இ.எஸ்.ஐ. மருத்துவமனை மத்திய சர்க்காரைச் சார்ந்த ஸ்தாபனம். அதைப் பற்றித் தென் சென்னையின் லோக்சபை அங்கத்தினருக்கே எழுத வேண்டும். ஆளறியாமல் எழுதும் கடிதம், விலாசம் தப்பிய தபாலே.

அடுத்து, எழுதும் முறை. ஒரு கடிதத்தில் ஒரே விஷயம் இருக்கட்டும். தெருப் பெயர், தேதி, பாதிக்கப்பட்ட குடும்பங்களின் தொகை, முன்பு எந்த அதிகாரிக்கு எப்போது மனுக் கொடுத்தோம் என்ற விவரம் எல்லாம் அதில் வேண்டும். முடிவில், அங்கத்தினர் செய்ய வேண்டியது இன்னதென்று தெளிவாகக் கேளுங்கள்: சபையில் கேள்வி கேட்க வேண்டுமா, மானியக் கோரிக்கை விவாதத்தில் பேச வேண்டுமா, தொகுதி மேம்பாட்டு நிதியிலிருந்து பணம் வேண்டுமா? ‘ஆவன செய்க’ என்று எழுதினால், ‘ஆவன செய்யப்படும்’ என்றே பதில் வரும். பட்ஜெட் கூட்டத்திற்கு முன்பு எழுதிய ஒரு கடிதம், பின்பு எழுதும் பத்துக்குச் சமானம். நகல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். பதில் வராவிடில் தேதி குறிப்பிட்டு மறுபடி எழுதுங்கள். 2005-ம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டமும் கைக்கொள்ளத்தக்க ஆயுதமே. சட்டசபையிலும் லோக்சபையிலும் மனுக்களை ஆராயவென்றே குழுக்கள் உள்ளன, அவற்றை மறக்கலாகாது.

மாலையும் பொன்னாடையும் பிரதிநிதியின் கழுத்தை நிரப்பும், கடமையை நினைவூட்டமாட்டா. யாசகன்போல் கைகூப்பவும் வேண்டாம், எதிரிபோல் ஏசவும் வேண்டாம். அவர் நம் எஜமானரல்லர். நம் சார்பில் பேச நாம் அனுப்பிய நம்மவர். நல்லது செய்தால் பலரறியப் பாராட்டுவோம். செய்யத் தவறினால் அதையும் பலரறியச் சொல்வோம்.

ஓட்டில்லாத குடியானவனுக்காகக் கடல் கடந்து மகஜர் சென்றது. ஓட்டுள்ள நம் கடிதம் விருகம்பாக்கம் வரை போகாதா? அடுத்த மழைக்கு முன் எழுதுங்கள்.