உடல் வெப்பத்தைத் தேடி வரும் கொக்கிப்புழு: அறிவியல் கூறுவது என்ன?

கண்களற்ற ஒட்டுண்ணிப் புழு, மண்ணில் இருந்தபடியே மனிதரை எவ்வாறு கண்டறிகிறது? அதற்கு வழிகாட்டுபவற்றுள் முக்கியமானது உடல் வெப்பம். வெப்பநிலை வேறுபாட்டை உணர்ந்து உயிரினங்களும் செல்களும் நகர்வதை அறிவியலாளர்கள் 'தெர்மோடாக்சிஸ்' என்கின்றனர்.

நிழலும் ஈரமும் உள்ள மண்ணில் வளரும் கொக்கிப்புழுவின் இளம்புழுக்கள், மனித உடலின் வெப்பநிலையான சுமார் 37 டிகிரி செல்சியஸை நோக்கி நகரும் இயல்புடையவை. வெறுங்காலின் தோலைத் துளைத்து நுழையும் இவை, ரத்தத்தின் வழியே நுரையீரலை அடைகின்றன. பின்னர் தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுச் சிறுகுடலில் தங்குகின்றன. அங்கு ரத்தத்தை உறிஞ்சுவதால், குறிப்பாகக் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ரத்தசோகை ஏற்படும் அபாயம் உள்ளது.

இத்திறன் ஒட்டுண்ணிகளுக்கு மட்டும் உரியதன்று. ஈ.கோலை பாக்டீரியா தனக்கு உகந்த வெப்பநிலையை நாடிச் செல்கிறது. பாலூட்டிகளின் விந்தணுக்கள் வெப்பம் சற்றே மிகுந்த பகுதியை நோக்கி நீந்துவது ஆய்வகச் சோதனைகளில் தெரியவந்துள்ளது.

இந்தியாவில் 2015 முதல் தேசிய குடற்புழு நீக்க நாள் கடைப்பிடிக்கப்படுகிறது. 1 முதல் 19 வயது வரையிலானோருக்குப் பள்ளிகள், அங்கன்வாடிகள் வாயிலாக அல்பெண்டசோல் மாத்திரை வழங்கப்படுகிறது. எனினும் மாத்திரை குடலில் உள்ள புழுக்களையே அகற்றும். மண்ணில் காத்திருப்பவற்றை அன்று. புழுவின் முட்டைகள் மலத்தின் வழியாகவே மண்ணை அடைகின்றன. எனவே கழிப்பறையைப் பயன்படுத்துவதும் காலணி அணிவதுமே மீண்டும் தொற்று ஏற்படாமல் காக்கும்.