பல்லின் மேல் பழி

பல் முளைக்கும் குழந்தைக்கு வேண்டியது குளிர்ந்த துணியும் கொஞ்சம் பொறுமையும். காய்ச்சலையும் பேதியையும் பல்லின் கணக்கில் எழுதும்போதுதான் ஆபத்து.

புனே மாவட்டத்தின் ஹிஞ்சேவாடியில் அடுக்குமாடி வீடுகளில் நள்ளிரவு தாண்டியும் விளக்கு எரிகிறது. காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று: அமெரிக்க நேரத்துக்கு வேலை, அல்லது பல் முளைக்கும் குழந்தை.

ராஜீவ் காந்தி தகவல் தொழில்நுட்பப் பூங்காவில் வேலை கிடைத்துக் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்கு இரண்டாவது காரணம் கூடுதல் சோதனை. மதுரையிலோ நெல்லையிலோ இருக்கும் பாட்டி தொலைபேசியில்தான் கிடைப்பார். "பல் முளைக்குதும்மா, அதுக்கு அப்படித்தான் இருக்கும்" என்பார். பக்கத்து வீட்டு ஆஜியும் அதையே மராத்தியில் சொல்வார். ஊரில் உரை மருந்து, இங்கே பாள்குட்டி. ஊரில் வசம்பு, இங்கே வேகண்ட். குழந்தை அழுதாலும், சுட்டாலும், வயிற்றால் போனாலும் இரு மொழியிலும் குற்றவாளி பல்தான்.

இந்தப் பழி பழையது. 1839இல் இங்கிலாந்து, வேல்ஸ் பதிவேடுகளில் 5,016 சாவுகளுக்குப் 'பல் முளைத்தல்' காரணமாக எழுதப்பட்டது. ஈறைக் கீறிவிடுவது அன்றைய டாக்டர்களின் வைத்தியம். அமெரிக்காவில் தாய்மார்கள் நம்பி வாங்கிய 'மிஸஸ் வின்ஸ்லோ' சிரப்பில் இருந்தது மார்ஃபின். பாதரசம் கலந்த பல் பவுடர்கள் 1950களில் பிரிட்டனில் கைவிடப்படும்வரை குழந்தைகளை முடக்கின.

உண்மையில் பல் செய்வது சொற்பம். பொதுவாக 6 மாத வாக்கில் கீழ் வரிசை முன்பற்கள் எட்டிப் பார்க்கும். 3 வயதுக்குள் 20 பால் பற்களும் வந்துவிடும். 'பீடியாட்ரிக்ஸ்' இதழில் 2016இல் வெளியான ஆய்வுத் தொகுப்பு அடிக்கடி காணப்படும் தொல்லைகளாக மூன்றைச் சொன்னது: ஈறு உறுத்தல், சிணுங்கல், ஜொள்ளு. உடல் சூடு சற்றே கூடலாம். அது காய்ச்சல் என்று சொல்லும் அளவை எட்டுவதில்லை.

பிறகு ஏன் இந்தச் சந்தேகம்? காலம் அப்படி. தாயிடமிருந்து பெற்ற நோய் எதிர்ப்புச் சக்தி குறைவதும், குழந்தை தவழத் தொடங்குவதும், கையில் அகப்பட்டதையெல்லாம் வாயில் வைப்பதும் ஏறக்குறைய அதே மாதங்களில்தான். கிருமி உள்ளே போகிறது, பழி பல்லுக்கு.

சிணுங்கலுக்கு வைத்தியம் எளிது. சோப்புப் போட்டுக் கழுவிய விரலால் ஈறை மெல்ல அழுத்தித் தேய்க்கலாம். சுத்தமான துணியை நனைத்து ஃபிரிட்ஜில் குளிரவைத்து, பக்கத்தில் இருந்தபடியே கடிக்கக் கொடுக்கலாம். கெட்டியான ரப்பர் வளையமும் உதவும். அதை ஐஸாக உறையவைத்தால் ஈறு புண்ணாகும். ஜொள்ளை அவ்வப்போது ஒற்றி எடுத்தால் மோவாய் சிவக்காது. வலி அதிகமென்றால் குழந்தையின் எடைக்கு ஏற்ற பாரசிட்டமால் அளவை டாக்டரிடம் கேட்டுக் கொடுக்கலாம்.

தவிர்க்க வேண்டியவையும் உண்டு. மரத்துப் போகச் செய்யும் ஜெல்லை ஜொள்ளு சில நிமிடங்களில் அடித்துச் சென்றுவிடும். விழுங்கினால் தொண்டையும் மரத்துப் போகும். லிடோகைன் வேண்டாம் என்று 2014இலும், ரத்தம் பிராணவாயுவைச் சுமப்பதைக் கெடுக்கக்கூடிய பென்சோகைன் வேண்டாம் என்று 2018இலும் அமெரிக்க மருந்து நிர்வாகம் எச்சரித்தது. 2018லேயே பல் முளைக்கும்போது அணிவிக்கும் மணி மாலைகள் பற்றியும் எச்சரிக்கை வந்தது. மணி தொண்டையில் சிக்கலாம், நூல் கழுத்தை இறுக்கலாம். கையில் கட்டும் வசம்பு மணிக்கும் இது பொருந்தும். உரை மருந்தைத் தேனில் குழைத்துத் தரும் வழக்கமும் வேண்டாம். ஒரு வயதுக்குள் தேன் கூடாது. நைஜீரியாவில் 2008இல் பல் வலிக்கான சிரப்பில் டைஎத்திலீன் கிளைகால் கலந்திருந்ததால் 80க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தனர். 2025இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாடாவில் குழந்தைகளைக் கொன்ற இருமல் மருந்திலும் அதே நஞ்சுதான்.

ஆனால் மருந்தைவிடப் பெரிய ஆபத்து அலட்சியம். ஹிஞ்சேவாடியின் மாலை நேரப் போக்குவரத்து நெரிசலில், "பல்தானே, நாளைக்குப் பார்க்கலாம்" என்று சொல்லிவிடுவது எளிது. கைக்குழந்தையின் உடலில் நீர் வற்ற அந்த ஒரு நாள் போதும். வயிற்றால் போகும் ஒவ்வொரு முறையும் 50 முதல் 100 மில்லி ஓ.ஆர்.எஸ். கரைசலைக் கரண்டியால் ஊட்ட வேண்டும். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. டாக்டர் சொல்லும் அளவில் 14 நாள் துத்தநாகம் தர வேண்டும். வெப்பமானி 100.4 டிகிரி காட்டினால், குழந்தை பால் குடிக்க மறுத்தால், சிறுநீர் குறைந்தால், துவண்டு கிடந்தால், காரணம் பல் என்று யார் சொன்னாலும் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

யாழ்ப்பாணத் தமிழர்கள் முதல் பல் முளைத்ததும் பல்லுக் கொழுக்கட்டை அவித்துக் குழந்தையின் தலையில் கொட்டிக் கொண்டாடுகிறார்கள். பல் கொண்டாட வேண்டிய விருந்தாளி. அதன் பெயரைச் சொல்லிக்கொண்டு நோய் உள்ளே நுழைந்துவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.