பற்றரியில் உள்ளதும் நமக்கு உதவுவதும்

2022 ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு நிலவியதை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்நாட்களில் கல்முனையில் நம் நண்பர் ஒருவரின் இல்லம் மட்டும் ஒளியுடன் விளங்கியது. கூரைமேல் சூரியத் தகடுகள். கூடத்தின் மூலையில் நான்கு பற்றரிகள். ஆயினும் ஓரிரவு அவருடைய உம்மாவுக்கு இழுப்பு நோய் கண்டு, மருந்தை ஆவியாக்கும் கருவியை இணைத்தபோது, விளக்குகள் யாவும் அணைந்துவிட்டன. எரிபொருளுக்கும் பஞ்சமான அவ்வேளையில், அயலவரின் முச்சக்கர வண்டியொன்று கிடைத்தமையால் அவ்வம்மையார் பிழைத்தார். “முப்பது மணித்தியாலம் தாங்கும் என்று விற்றவர் சொன்னாரே, சேர்!” என்று நண்பர் நம்மிடம் வருந்தினார்.

அக்கணக்கில் பிழை எங்கே? மாணவர்களும் உடன் கணித்துப் பார்க்கலாம்.

ஒவ்வொரு பற்றரியிலும் 12 வோல்ற்று, 100 அம்பியர்-மணி என்று எழுதப்பட்டிருந்தது. இரண்டையும் பெருக்கினால் 1200 வாற்று-மணி, நான்குக்கும் 4800. இரண்டு மின்விசிறிகளும் மூன்று மின்குமிழ்களும் 150 வாற்று கொள்ளுமாயின், 32 மணி நேரம் என்று விடை வரும். விற்றவர் கண்ட கணக்கு இதுவே.

ஆனால் பற்றரி, நடுவிலே குழாய் பொருத்திய நீர்த்தொட்டி போன்றது. ஈய-அமிலப் பற்றரியைப் பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் அதன் ஆயுள் விரைந்து குறையும். எனவே 4800இல் நமக்குரியது 2400 மட்டுமே. நேரோட்டத்தை ஆடலோட்டமாக மாற்றும் இன்வேட்டரில் நூற்றுக்குப் பதினைந்து பங்கு வீணாகுமெனக் கொண்டால், எஞ்சுவது ஏறத்தாழ 2000. இதனை 150ஆல் வகுத்தால் 13 மணி நேரம். சராசரி 100 வாற்று கொள்ளும் குளிர்சாதனப் பெட்டியும் சேர்ந்தால் எட்டு மணி நேரமே. நண்பர் வீட்டில் அதுவும் இயங்கியது, தொலைக்காட்சியும் இயங்கியது.

வேறு குறைவுகளும் உண்டு. 100 அம்பியர்-மணி என்பது பெரும்பாலும் 20 மணி நேரத்தில் மெல்ல எடுக்கும்போது கிடைப்பது. இஸ்திரிப் பெட்டிபோன்ற பெருஞ்சுமையை மாட்டினால் அளவு சுருங்கும். நம் கரையோர வெப்பம் பற்றரியை விரைவில் மூப்படையச் செய்யும். கார்த்திகை, மார்கழி மழைநாட்களில் பகல் முழுவதும் காத்திருந்தும் பற்றரி நிரம்பாதிருக்கலாம். இலிதியம் இரும்புப் பொசுபேற்று வகையில் நூற்றுக்கு 80 முதல் 90 வரை பயன்படுத்தலாம். ஆயினும் அதற்கும் எல்லை உண்டு.

இழுப்புக்கு உதவும் அக்கருவி 150 வாற்று கொண்டாலும், பத்து நிமிடத்துக்கு வேண்டியது 25 வாற்று-மணிதான். 2000இல் அது எம்மாத்திரம்! அச்சிறு பங்கை ஒதுக்கி வைக்காமற் போனதே அன்றைய இடர்.

இப்போது நண்பரின் மகள் இக்கணக்கைத் தாளில் எழுதிப் பற்றரியின் மேற்சுவரில் ஒட்டியிருக்கிறாள். அதன் முதல் வரி, “உம்மும்மாவின் பங்கு” என்பதாகும். சூரியத் தகடு உள்ள ஒவ்வோர் இல்லத்திலும் அத்தகைய தாளொன்று இருத்தல் நன்று.