உனக்கு என்ன விடை வந்துச்சு?

போன தாளில் கொசு பற்றி எழுதினேன். இந்தத் தடவை கணக்கு. கணக்குன்னு படிச்சதும் பக்கத்துத் தாளுக்குப் போயிடாதீங்க. இதில் சண்டையும் இருக்கு.

அரையாண்டுத் தேர்வில் கணக்குத் தாள் எவ்வளவு கஷ்டமா இருந்துச்சுன்னு ஒன்பதாம் வகுப்புல யாரைக் கேட்டாலும் சொல்வாங்க. மணி அடிச்சது. பேப்பரை நூலால கட்டிக் கொடுத்தோம். கொடுத்த அடுத்த நிமிஷம் எல்லாரும் வேப்பமரத்தடிக்கு ஓடினோம். வினாத்தாள் ஓரத்துல பென்சிலால விடையைக் குறிச்சு வச்சிருந்தோம். "உனக்கு என்ன வந்துச்சு? உனக்கு?" இதுதான் பேச்சு. சாப்பாட்டுத் தட்டை யாரும் எடுக்கவே இல்லை.

முதல் சண்டை முக்கோணத்துல. ஒவ்வொரு பக்கமும் 12 செ.மீ. உள்ள முக்கோணம், ஹெரான் சூத்திரம் போட்டு பரப்பு கண்டுபிடிக்கணும். ஒருத்தி √3888 என்றாள். ரெண்டு பேர் 36√3 என்றாங்க. இன்னொருத்தன் 62.352ன்னு சொன்னான். மூணும் பார்க்க மூணு ஊர் மாதிரி இருக்கு. "நீ தப்பு, நீ தப்பு"ன்னு ஒரே சத்தம்.

பிறகு வீட்டுல உட்கார்ந்து பார்த்தேன். சுற்றளவுல பாதி 18. அதிலிருந்து ஒவ்வொரு பக்கமா கழிச்சா 6, 6, 6. நாலையும் பெருக்கினா 3888. அதோட வர்க்கமூலம்தான் பரப்பு. 3888ஐ 1296 பெருக்கல் 3ன்னு பிரிக்கலாம். 1296 என்பது 36இன் வர்க்கம். அதனால √3888ம் 36√3ம் ஒண்ணுதான். √3க்கு 1.732ன்னு போட்டா 62.352 வந்துடுது. அது மட்டும் தோராய விடை. ஆக மூணு பேரும் ஒரே முக்கோணத்தைத்தான் அளந்திருக்காங்க. சுருக்காம விட்டவளுக்கு அரை மார்க் போச்சு, அவ்வளவுதான்.

இதே மாதிரி, ஆரம் 7 மீட்டர் உள்ள வட்டமான களத்தோட பரப்பு 154 என்று பாதிப் பேர், 153.86 என்று பாதிப் பேர். பைக்கு 22/7 போட்டவங்களுக்கு 154. 3.14 போட்டவங்களுக்கு 153.86. இதுல வேடிக்கை என்னன்னா ரெண்டுமே சரியான அளவு இல்லை. 22/7 பையை விடக் கொஞ்சம் கூட, 3.14 கொஞ்சம் குறைச்சல். உண்மையான பரப்பு நடுவுல 153.94 கிட்ட இருக்கு. ரெண்டு கட்சியும் அவ்வளவு கத்தியிருக்க வேண்டாம்.

ஆனா நான் இதை எழுத உட்கார்ந்தது மூணாவது கணக்குக்காக.

பல்லுறுப்புக்கோவையின் பூச்சியங்களைக் காண்க என்று ஒரு கேள்வி. ஆறாம் வகுப்புத் தம்பி தங்கைகளுக்கும் புரியற மாதிரி சொல்றேன். ஒரு எண்ணை நினைச்சுக்கணும். அதோட வர்க்கத்துல இருந்து அதே எண்ணோட 5 மடங்கைக் கழிச்சா மிச்சம் ஒண்ணும் இருக்கக் கூடாது. அந்த எண் எது? அதான் கேள்வி.

மரத்தடியில எட்டுப் பேருக்கு 5 வந்திருந்துச்சு. எனக்கும் 5. என் பெஞ்சுத் தோழி ஒருத்தி மட்டும் 0, 5ன்னு ரெண்டு விடை எழுதியிருந்தா. (அவகிட்ட கேட்டுட்டுத்தான் எழுதுறேன். பேர் போடலை.) "பூச்சியங்களைக் கண்டுபிடின்னா பூச்சியத்தையே எழுதி வச்சிருக்காடி!" என்று ஒருத்தி சொல்ல, எல்லாரும் சிரிச்சாங்க. சிரிச்சவங்கள்ல நானும் ஒருத்தி. எட்டுப் பேருக்கு ஒரே விடை வந்தா அதுதானே சரின்னு நினைச்சேன்.

அவ ஒண்ணும் பேசலை. வினாத்தாளை மடிச்சு ஜாமெட்ரி பாக்ஸுக்குள்ள வச்சுக்கிட்டு வீட்டுக்குப் போயிட்டா. கணக்குல போச்சுன்னா மில் வேலைக்கு அனுப்பிடுவோம்னு அவங்க வீட்டுல சொல்லியிருந்தது எனக்கு அப்போ தெரியாது. அன்னிக்கு ராத்திரி அவ புத்தகத்தையே தொடலையாம். மறுநாள் அறிவியல்.

இப்போ கணக்குக்கு வர்றேன். எட்டுப் பேரும் என்ன செஞ்சோம்? எண்ணோட வர்க்கமும் அதோட 5 மடங்கும் சமம்னு எழுதினோம். ரெண்டு பக்கமும் அந்த எண் இருக்குன்னு அதை அடிச்சுட்டோம். மிச்சம் 5. அடிக்கிறதுன்னா வகுக்கிறது. பூச்சியத்தால வகுக்கக் கூடாதுன்னு சின்ன வகுப்புலேயே படிச்சிருக்கோம். அப்படின்னா அடிக்கும்போதே, அந்த எண் பூச்சியம் இல்லைன்னு நாமளே முடிவு பண்ணிட்டோம். கேள்வியில அப்படிச் சொல்லவே இல்லை. பூச்சியத்தைப் போட்டுப் பார்த்தா, வர்க்கம் 0, ஐந்து மடங்கு 0, கழிச்சா 0. சரியா வருது. தோழி வகுக்கலை, காரணிப்படுத்தினா. அதனால ரெண்டும் அவளுக்குக் கிடைச்சது.

போட்டுப் பார்க்க அரை நிமிஷம்கூட ஆகாது. மரத்தடியில அரை மணி நேரம் இருந்தோம். ஒருத்திகூட போட்டுப் பார்க்கலை. எட்டுப் பேரும் எட்டு வழியில போய் ஒரே இடத்துக்கு வந்திருந்தா அதுல ஒரு அர்த்தம் உண்டு. நாங்க ஒரே தப்பை எட்டுத் தடவை செஞ்சிருந்தோம்.

பேப்பர் கொடுத்த அன்னிக்கு கணக்கு டீச்சர் இந்தக் கேள்வியைக் கரும்பலகையில போட்டுட்டு ஒரு சம்பவம் சொன்னாங்க. அமெரிக்காவுல கல்லூரியில சேர எஸ்.ஏ.டி. என்று ஒரு தேர்வு உண்டு. 1982இல் அதுல ஒரு கேள்வி வந்துச்சு. ஒரு சின்ன வட்டம், ஒரு பெரிய வட்டம். சின்னதோட ஆரம் பெரியதுல மூணுல ஒரு பங்கு. சின்னது பெரியதோட விளிம்பை ஒட்டி வெளியே உருண்டு, கிளம்பின இடத்துக்கே வந்து சேர எத்தனை சுற்று சுற்றும்? கேள்வி எழுதினவங்க 3ன்னு நினைச்சாங்க. சரியான விடை 4. கொடுத்திருந்த ஐந்து விடையில 4 கிடையவே கிடையாது! ஏறக்குறைய 3 லட்சம் பேர் எழுதின தேர்வு. கேள்வியே தப்புன்னு கடிதம் போட்டது மூணு மாணவர்கள். கடைசியில அந்தக் கேள்வியை நீக்கிட்டு எல்லாருக்கும் மார்க்கைத் திரும்பக் கணக்குப் பண்ணினாங்க.

ஏன் 4? பெரிய வட்டத்தோட விளிம்பை நூல் மாதிரி நேரா நீட்டி வச்சா சின்ன வட்டம் அதுமேல 3 சுற்றுதான் உருளும். ஆனா விளிம்பு நேரா இல்லை, வளைஞ்சு இருக்கு. நம்ம கொடிக்கம்பத்தை ஒரு தடவை சுத்தி நடந்து பாருங்க. நீங்க தட்டாமாலை சுத்தலை, நேராத்தான் நடக்கறீங்க. இருந்தாலும் கிழக்கு, தெற்கு, மேற்கு, வடக்குன்னு நாலு பக்கமும் முகம் திரும்பிடுது. அதுவே ஒரு சுற்று. உருண்டது 3, சுத்தி வந்தது 1, மொத்தம் 4.

நான் நம்பலை. டீச்சர் ஒரே மாதிரி ரெண்டு காசை மேசையில வச்சு, ஒண்ணை அழுத்திப் பிடிச்சு இன்னொண்ணை அதை ஒட்டி வழுக்காம உருட்டச் சொன்னாங்க. மேலே இருந்து கீழே வந்ததுமே காசுல இருந்த சிங்கம் மறுபடி நிமிர்ந்து நின்னுச்சு. பாதி தூரத்துலேயே ஒரு முழுச் சுற்று! உருட்டினது என் தோழிதான்.

அவளுக்குக் கணக்குல 71. வகுப்புல மூணாவது. அறிவியல்ல 38. காலாண்டுல அறிவியல் அவளுக்கு 80க்கு மேல. நான் போய் மன்னிப்புக் கேட்டேன். "விடுடி, நானும் போட்டுப் பார்த்திருக்கலாம்ல" என்றாள். மில் பேச்சை அவங்க வீட்டுல இப்போதைக்கு எடுக்கலையாம்.

இந்தத் தாளுக்குக் கீழே ஆணியில ரெண்டு அட்டை வட்டம் தொங்குது. பெரியது 12 செ.மீ. விட்டம், சின்னது 4 செ.மீ. அவதான் வெட்டினா. சின்னதுல ஒரு அம்புக்குறி போட்டிருக்கு, அதை வச்சு எண்ணலாம். உருட்டிப் பார்த்துட்டுத் திரும்ப மாட்டிடுங்க. வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடாதீங்க.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி