மஞ்சள் கால் எங்கிருந்து வந்தது?

துடியலூர் பக்கம் ஞாயிற்றுக்கிழமை நாட்டுக்கோழி வாங்கப் போகிறவர்களில் பலர், எடையைக் கேட்பதற்கு முன் காலைப் பார்ப்பார்கள். மஞ்சள் காலா, கருங்காலா? அந்த மஞ்சளுக்கும் தடாகம், ஆனைகட்டி மலைகளில் திரியும் காட்டுக்கோழிக்கும் உறவு உண்டு.

வளர்ப்புக் கோழிக்கு முதன்மை மூதாதை சிவப்புக் காட்டுக்கோழி. அது மட்டும்தான் மூதாதை என்று 1868இல் டார்வின் எழுதினார். ஆனால் அதன் கால் சாம்பல் நிறம். தீனியோடு உள்ளே போகும் மஞ்சள் நிறமியை அதன் தோல் சிதைத்துவிடும். சிதைக்காமல் தங்கவிடும் மரபணு, தென்னிந்தியாவின் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்திருக்க வேண்டும் என்று 2008இல் ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். எப்போதோ ஓர் ஊர்க்கோழி நம் காட்டுப் பறவையோடு சேர்ந்திருக்கிறது!

சிவப்புக் கோழி இமயமலை அடிவாரம் முதல் தென்கிழக்கு ஆசியா வரை வாழ்வது. தெற்கே ஏறக்குறைய கோதாவரியோடு நின்றுவிடும். நம் மலையில் கூவுவது சாம்பல் கோழிதான். கூவலும் வேறு: வீட்டுச் சேவலின் நீட்டல் இல்லை, வெட்டி வெட்டி வரும். சேவலின் கழுத்து இறகுகளைக் கிட்டத்தில் பார்த்தால், கறுப்பில் மஞ்சள் மெழுகைச் சொட்டுச் சொட்டாக வைத்தது போலிருக்கும். அந்த அழகே வினையானது: சால்மன் மீன் பிடிக்கும் தூண்டிலில் கட்ட ஐரோப்பியர்கள் இந்த இறகைத் தேடி வாங்கினார்கள்.

பன்னாட்டுச் செம்பட்டியலில் இரண்டுமே 'கவலை குறைந்தவை'. தலையை எண்ணினால் அது சரி. ஆனால் சிவப்புக் கோழிக்கு ஆபத்து ஊர்க்கோழியின் கலப்பில் இருக்கிறது. காட்டில் கோழி இருக்கும், அசல் இருக்காது. அசல் சேவல் கோடையில் கழுத்தின் செவ்விறகை உதிர்த்துக் கறுப்பு இறகு பூணும். கலப்புச் சேவல் பெரும்பாலும் அப்படி மாறுவதில்லை.

சாம்பல் கோழிக்கு ஆபத்து கறிச்சட்டியும் சுருக்குக் கண்ணியும்தான். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டப்படி அதைப் பிடிப்பது குற்றம். விடியலில் உண்ணிச்செடிப் புதர் ஓரமாகச் சருகைக் கிளறியபடி ஒரே தடத்தில் நடப்பது அதன் வழக்கம். கண்ணி வைக்கிறவருக்கு அந்தத் தடம் தெரிந்தால் போதும்.