கிண்ணத்தைக் கையில் எடுப்பவர்களும் மேசையில் வைப்பவர்களும்

எங்கள் பள்ளி திருப்பெரும்புதூர் வட்டாரத்தில் இருக்கிறது. இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியதையொட்டிக் கொரியர்களும், ஒரகடம் பக்கம் வந்த தொழிற்சாலைகளோடு ஜப்பானியர்களும் இப்பகுதிக்கு வந்தார்கள். என் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்கோ எல்லாரும் "சைனாக்காரங்க"தான். நிலப்படத்தில் மூன்று நாடுகளையும் பிழையின்றிக் குறிக்கும் பிள்ளைகள் கடைத்தெருவில் மூன்றையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். "வடக்கே நம்ம எல்லாரையும் மதராசின்னு சொல்றாங்களே, அந்த மாதிரியா?" என்று கேட்டேன். சிலருக்கு முகம் சுருங்கியது.

நாடுகளை ஒப்பிடுக என்றால் வகுப்பில் வழக்கமாக நம் நாட்டையும் ஒரு வெளிநாட்டையும்தான் எடுத்துக்கொள்கிறோம். பத்தே நிமிடத்தில் அது "அங்கே சுத்தம், இங்கே குப்பை" என்று முடிந்துவிடும். அதனால் இம்முறை நம் நாட்டை ஓரமாக வைத்துவிட்டு ஜப்பானையும் தென்கொரியாவையும் ஒப்பிடச் சொன்னேன். பூசான் துறைமுகத்துக்கும் ஜப்பானின் ஃபுகுவோகாவுக்கும் இடையே கடல் சுமார் 200 கிலோமீட்டர்தான். இரண்டுமே அரிசிச் சோறும் மீனும் உண்ணும் நாடுகள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டே வீட்டுக்குள் நுழைவார்கள். அப்புறம் வேறுபாடு எங்கே இருக்கிறது?

முதல் தகவல் இரண்டு தாய்மார்களிடமிருந்து வந்தது. ஒருவர் கொரியர்கள் தங்கும் விடுதியில் சமையலுக்கு உதவுகிறார், இன்னொருவர் ஜப்பானியக் குடும்பத்தில் வீட்டுவேலை செய்கிறார். "சோத்துக் கிண்ணத்தைக் கையில தூக்கவே மாட்டாங்களாம் சார், மேசையில வெச்சு ஸ்பூன்ல சாப்பிடுவாங்களாம்" என்றாள் ஒரு மாணவி. "இல்ல, கையில வெச்சுக்கிட்டு குச்சியிலதான் சாப்பிடுவாங்க, சூப்பைக் கூட வாய் வெச்சுக் குடிப்பாங்க" என்றான் மற்றவன். சண்டையே வந்துவிட்டது. இருவர் சொன்னதும் சரி. கொரியாவில் கிண்ணத்தைத் தூக்கி உண்பது மரியாதைக் குறைவு. ஜப்பானில் தூக்காமல் குனிந்து உண்பதுதான் நாகரிகக் குறைவு.

ஏன் என்று கேட்டபோதுதான் பாடம் சூடுபிடித்தது. கொரியச் சோற்றுக் கிண்ணம் முன்பு பித்தளையில் இருந்தது, இன்று பெரும்பாலும் எவர்சில்வர். ஜப்பானில் சூப் கிண்ணம் அரக்குப் பூசிய மரம், சோற்றுக் கிண்ணம் பீங்கான். ஓர் எவர்சில்வர் டம்ளரிலும் ஒரு தேங்காய்ச் சிரட்டையிலும் வெந்நீர் ஊற்றி மாணவர்களைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். டம்ளரைத் தொட்டவன் கையை உதறினான். பழக்கத்துக்கு இது ஒன்றுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் கையில் எடுக்க முடியாத கிண்ணத்துக்குக் கரண்டி தேவைப்படும் என்பது பிள்ளைகளுக்கு எளிதில் விளங்கியது. கொரியாவில் கரண்டியும் உலோகக் குச்சிகளும் ஒரு சோடி. ஜப்பானியக் குச்சி மரத்தாலானது, நுனி கூர்மையானது. மீன் முள்ளை எடுக்க அது வசதி.

விடுதியில் வேலை செய்யும் அம்மா சொல்லி அனுப்பிய இன்னொரு செய்தி, அங்கே கிம்ச்சிக்கென்றே தனியாக ஒரு ஃபிரிட்ஜ் இருக்கிறது என்பது. முட்டைக்கோசில் உப்பும் பூண்டும் மிளகாய்த்தூளும் சேர்த்துப் புளிக்க வைப்பதே கிம்ச்சி. குளிர்காலம் தொடங்குமுன் உறவினரும் அண்டை வீட்டாரும் கூடி மொத்தமாகச் செய்து பங்கிட்டுக்கொள்வார்கள். நம் வீடுகளில் வடாம் போடும் நாள்களை நினைத்துக்கொள்ளலாம். இந்தக் கூட்டு வேலையையும் ஜப்பானின் உணவு மரபையும் யுனெஸ்கோ ஒரே ஆண்டில், 2013-இல், பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. மிளகாய் கொரியாவுக்கும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து போன பொருள்தான் என்றதும் மாணவர்கள் நம்ப மறுத்தார்கள். நமக்கும் அப்படித்தான் வந்தது என்றேன். அதை அதைவிட நம்பவில்லை.

பயணத்துக்கு வருவோம். ஜப்பானில் வண்டிகள் நம்மைப் போல இடப்பக்கம் போகும், கொரியாவில் வலப்பக்கம். ஆனால் கொரியாவின் தேசிய ரயில்கள் மட்டும் இடப்பக்கத் தண்டவாளத்தில் ஓடுகின்றன. ரயில்பாதைகள் பெரும்பாலும் ஜப்பானியர் காலத்தில் போடப்பட்டவை. சாலை விதி 1946-இல் அமெரிக்க ராணுவ நிர்வாகத்தில் மாறியது. ஒரு நாட்டின் வரலாற்றை அதன் சாலையிலும் தண்டவாளத்திலும் படிக்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

தண்டவாள அகலத்தையும் விளையாட்டுத் திடலில் சுண்ணாம்புக்கோடு போட்டு அளந்தோம். ஜப்பானின் பழைய பாதை 1067 மில்லிமீட்டர், நம் பழைய மீட்டர் கேஜைவிடச் சற்றே அகலம். அதில் அதிவேக ரயில் ஓடாது. எனவே 1964-இல் ஷின்கான்செனுக்கு 1435 மில்லிமீட்டரில் புதிய பாதையே போட்டார்கள். ஷின்-ஒசாகா, ஷின்-யோகோஹாமா என்ற நிலையப் பெயர்களில் வரும் 'ஷின்' என்பதற்குப் புதிய என்று பொருள். கொரியாவின் பழைய பாதையே 1435 அகலம் கொண்டது. அதனால் 2004-இல் வந்த கேடிஎக்ஸ் அதிவேக ரயில், ஒரு பகுதி புதிய பாதையிலும் மறுபகுதி பழைய பாதையிலும் ஓடியே பூசான் சேர்ந்தது.

1910 முதல் 1945 வரை கொரியா ஜப்பானின் ஆட்சியில் இருந்ததை இந்த இடத்தில்தான் சொன்னேன். பள்ளிகளில் கொரிய மொழி ஒதுக்கப்பட்டது. 1940 முதல் ஜப்பானிய முறையில் பெயரை மாற்றிக்கொள்ள மக்கள் நெருக்கப்பட்டார்கள். வகுப்பு அமைதியாகிவிட்டது. "அப்ப கொரியாக்காரரைப் பார்த்து ஜப்பானான்னு கேட்டா கோவம் வரும்ல சார்?" என்று கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கொரிய மொழியிலும் அம்மா, அப்பா என்றே அழைப்பார்கள் என்று சொன்னால் மாணவர்கள் உடனே தமிழிலிருந்துதான் போனது என்று முடிவுகட்டுவார்கள். குழந்தை முதலில் எழுப்பும் ஒலிகள் என்பதால் தாய் தந்தையைக் குறிக்கும் சொற்கள் உலகின் பல மொழிகளில் ஒத்திருக்கின்றன என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுவது நல்லது.

வயதுக் கணக்கை நான் பாடத்திட்டத்தில் வைக்கவில்லை, அதுவாக வந்தது. கொரிய வழக்கத்தில் பிறந்த குழந்தைக்கே ஒரு வயது, சனவரி 1 அன்று எல்லாருக்கும் ஒரு வயது கூடும். 2023 சூனில்தான் சட்டப்படி உலக முறைக்கு மாறினார்கள். ஜப்பான் இதற்கான சட்டத்தை 1950-லேயே நடைமுறைப்படுத்தியது. "எங்க ஆயாவும் எட்டு முடிஞ்சு ஒன்பது நடக்குதுன்னுதான் சொல்லும்" என்றாள் ஒருத்தி. டிசம்பர் 31-இல் பிறந்த குழந்தைக்கு மறுநாள் என்ன வயது என்று கரும்பலகையில் எழுதிப் போட்டேன். இரண்டு என்று விடை வந்ததும், தன் தம்பி பிறந்த தேதியை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவரும் கணக்குப் போடத் தொடங்கிவிட்டார்கள். அடுத்த பாடவேளை கணக்கு ஆசிரியருடையது. அவர் வந்து ஐந்து நிமிடம் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.